எண் 1004 யார்? சி நிரல் ஒரு பயனரைத் தேடும்போது நடப்பவை

பல பேர் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர் ஒன்றில், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளரின் பெயர் வரவேண்டிய இடத்தில் சில கோப்புகளுக்கு மட்டும் 1004 என்று வெறும் எண் நிற்கும். அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார், அட்மின் அவருடைய கணக்கை நீக்கியிருப்பார், கோப்புகள் அங்கேயே கிடக்கும். அவர் பெயர் எங்கே போனது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கோப்புகளில் அவர் பெயர் எப்போதுமே இருந்ததில்லை.

வட்டில் கோப்போடு சேர்த்து எழுதப்பட்டிருப்பது உரிமையாளரின் எண் மட்டும்தான். ஐநோட் என்கிற அந்தக் குறிப்பில் பெயருக்கென்று இடமே கிடையாது. கோப்பைத் திறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் கெர்னலும், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியும், எண்ணை எண்ணோடுதான் ஒப்பிடுகிறது. கவிதா என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. திரையில் நாம் பார்க்கும் பெயர், பார்க்கிற அந்த நொடியில் எல்எஸ் நிரல் வெளியே கேட்டு வாங்கி வந்து காட்டுவது. பதில் கிடைக்காவிட்டால் எண்ணையே அச்சிட்டுவிடும்.

வெளியே கேட்கும் அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சி மொழி வகுப்புகளில் இதை ஒரு கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் சின்ன வேலையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். 1970-களில் அது அப்படித்தான் இருந்தது. இன்று அது இன்னொருவரிடம் கேட்கும் கேள்வியாகிவிட்டது. பதில் வரத் தாமதமாகலாம், வராமலே போகலாம், நேற்றைய பதில் இன்று மாறியிருக்கலாம். பயனர் கணக்கு தொடர்பாக நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் எழுதியதால் வந்தவை.

கேள்வி கேட்க இரண்டு முக்கியமான ஃபங்ஷன்கள் உண்டு: கெட்பிடபிள்யூநாம், கெட்பிடபிள்யூயுஐடி. முதலாவதிடம் பெயரைக் கொடுக்கவேண்டும், இரண்டாவதிடம் எண்ணை. 'பிடபிள்யூ' என்பது பாஸ்வேர்டின் சுருக்கம். 'நேம்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை வெட்டியதுதான் 'நாம்'. படிக்க எளிதாக இருக்க, இனிமேல் இவற்றைப் பெயர்த்தேடல், எண்தேடல் என்றே சொல்கிறேன். இரண்டும் திருப்பித் தருவது ஒரே மாதிரியான ஸ்ட்ரக்ட்டுக்கான பாயின்டர். அந்த ஸ்ட்ரக்ட்டின் உறுப்புகள் '/எட்சி/பாஸ்வேர்டு' கோப்பின் ஒரு வரியை அப்படியே ஒத்திருக்கும்.

அந்தக் கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள், இடையில் முக்காற்புள்ளி. பயனர் பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், ஜீகாஸ், வீட்டு அடைவு, உள்ளே வந்ததும் தொடங்கவேண்டிய ஷெல். இவற்றில் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய வரலாறு இருக்கிறது.

ஜீகாஸ் என்ற பெயருக்கும் பயனருக்கும் சம்பந்தம் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960-களில் தன் பெரிய கணினிகளுக்காக எழுதிய இயங்குதளத்தின் பெயர் அது. 1970-இல் அந்தக் கணினித் தொழிலை ஹனிவெல் வாங்கிக்கொண்டது. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் அச்சு வேலைகளையும் சில தொகுப்பு வேலைகளையும் அங்கிருந்த ஜீகாஸ் இயந்திரத்துக்கு அனுப்புவது வழக்கம். வேலையை யார் கணக்கில் எழுதுவது என்று அந்த இயந்திரம் கேட்கும். அந்த விவரத்தை ஆளுக்கு ஆள் எங்காவது வைக்கவேண்டும் என்பதற்காகப் பாஸ்வேர்டு கோப்பில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அந்த இயந்திரத்தின் தேவை முடிந்த பிறகும் பகுதி நின்றுவிட்டது. முழுப் பெயர், அறை எண், தொலைபேசி எண் ஆகியவற்றைக் காற்புள்ளி போட்டு அதில் எழுதும் வழக்கம் வந்தது. இன்று பெரும்பாலும் முழுப் பெயர் மட்டும் இருக்கும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் இந்த உறுப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடவுச்சொல் பகுதியின் கதை இதைவிடக் கனமானது. தொடக்கத்தில் குறியாக்கம் செய்த கடவுச்சொல் இந்தக் கோப்பிலேயே இருந்தது. எல்எஸ் போன்ற நிரல்கள் பெயரைத் தேடவேண்டும் என்பதால் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மக்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்று காட்டியது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய புழு அந்தப் பலவீனத்தையும் பயன்படுத்திக்கொண்டது. பாஸ்வேர்டு கோப்பைப் படித்து, பயனர் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, ஜீகாஸ் பகுதியில் இருந்த பெயர்கள், தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள் என்று ஒவ்வொன்றாக முயன்றது. அதை எழுதிய மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், 1979-இல் எச்சரித்த அதே மோரிஸின் மகன். கடவுச்சொல்லை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் மட்டும் படிக்கக்கூடிய ஷேடோ கோப்புக்கு மாற்றும் வழக்கம் 1980-களின் பிற்பகுதியில் பரவியது. அதனால் இன்று லினக்ஸில் எண்தேடல் தரும் கடவுச்சொல் உறுப்பில் பெரும்பாலும் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கும். அதை வைத்து யாரையும் சரிபார்க்க முடியாது. உள்நுழைவைச் சரிபார்க்கவேண்டுமானால் பாம் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்பைத் திறந்து படித்தால் என்ன?

ஏழு பகுதி, நடுவில் முக்காற்புள்ளி. இதை எஃப்ஓப்பனால் திறந்து நாமே பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய மடிக்கணினியில் நிரல் பிசகில்லாமல் ஓடியது. ஆய்வகக் கணினியில் அவருடைய சொந்தப் பெயரையே "அப்படி ஒரு பயனர் இல்லை" என்றது. அவர் அந்தக் கணினியில் உள்நுழைந்து உட்கார்ந்துகொண்டுதான் அதைப் பார்த்தார். காரணம் எளிமையானது. ஆய்வகத்தில் இருந்த எல்லா மாணவர் கணக்குகளும் மைய சர்வர் ஒன்றில் இருந்தன. உள்ளூர்ப் பாஸ்வேர்டு கோப்பில் ரூட்டும் சில சேவைக் கணக்குகளும் மட்டுமே இருந்தன.

கணக்குகளை மைய சர்வரில் வைக்கும் பழக்கம் புதிதில்லை. 1980-களில் ஒரே இடத்தில் பல பணிநிலையக் கணினிகள் வந்ததும், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பாஸ்வேர்டு கோப்பு வைத்துப் பராமரிப்பது முடியாத காரியமானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யெல்லோ பேஜஸ் என்ற சேவையைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிக முத்திரை என்பதால் அப்புறம் நிஸ் என்று மாற்றினார்கள். ஆனால் 'ஒய்பி' என்று தொடங்கும் கட்டளைப் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. அதற்குப் பின், பயனர் விவரங்களை மையமாக வைத்துக் கேட்பவருக்குத் தரும் இதே வேலைக்கு எல்டாப் வந்தது, ஆக்டிவ் டைரக்டரி வந்தது. எதை எங்கே கேட்பது என்று முடிவுசெய்ய சோலாரிஸில் ஒரு பொதுவான ஏற்பாடு பிறந்தது. அதைத்தான் ஜிலிப்சி என்கிற குனு சி லைப்ரரியும் எடுத்துக்கொண்டது. அதன் பெயர் நேம் சர்வீஸ் ஸ்விட்ச்.

'/எட்சி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' என்ற கோப்பைத் திறந்தால் 'பாஸ்வேர்டு' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் 'ஃபைல்ஸ்', 'எஸ்எஸ்எஸ்', 'சிஸ்டம்டி' போன்ற சொற்கள் வரிசையாக நிற்கும். பெயர்த்தேடலை அழைத்ததும் லைப்ரரி அந்த வரிசைப்படி ஒவ்வொன்றிடமும் கேட்கும். 'ஃபைல்ஸ்' என்றால் நமக்குத் தெரிந்த கோப்பு. 'எஸ்எஸ்எஸ்' என்றால் எஸ்எஸ்எஸ்டி என்ற பின்னணிச் சேவையிடம் கேட்டு, அது நெட்வொர்க்கைத் தாண்டி எல்டாப் சர்வரிடம் கேட்கும். பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு தனி லைப்ரரி உண்டு, தேவைப்படும்போது அது நம் நிரலுக்குள் ஏற்றப்படும். இந்த ஏற்றும் விஷயத்துக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்பி வருவேன். ஒற்றை வரியில் எழுதிய ஒரு அழைப்பு, நாம் எழுதாத நிரலை நம் நிரலுக்குள் கொண்டுவந்து ஓட்டுகிறது.

மற்ற இயங்குதளங்களும் தம் வழியில் போயின. ஃப்ரீபிஎஸ்டியில் தேடல் வேகமாக இருக்கவேண்டும் என்று பாஸ்வேர்டு விவரத்தை ஒரு தரவுத்தளக் கோப்பாகவும் கட்டி வைத்திருப்பார்கள். மேக்ஓஎஸ்ஸில் சாதாரணப் பயனர்கள் பாஸ்வேர்டு கோப்பில் இருப்பதே இல்லை, ஓப்பன் டைரக்டரி என்ற சேவைதான் பதில் சொல்கிறது. இத்தனைக்கும் நடுவில் பெயர்த்தேடலும் எண்தேடலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. அவற்றைப் பயன்படுத்தச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது. ஷெல்லில் சோதித்துப் பார்க்கவேண்டுமானால் பாஸ்வேர்டு கோப்பைக் கிரெப் செய்யாமல் 'கெட்என்ட் பாஸ்வேர்டு' என்று கொடுத்துப் பெயரைச் சேருங்கள். நிரல் பார்க்கும் அதே வழியில் அது பார்க்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பயனர்களையும் ஒவ்வொருவராக எடுக்க கெட்பிடபிள்யூஎன்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மைய சர்வர் உள்ள இடத்தில் அதை நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளை வாரியிறைப்பது சர்வருக்குச் சுமை என்பதால் எஸ்எஸ்எஸ்டி இயல்பாகவே பட்டியல் கொடுப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆள் இருப்பார், பட்டியலில் இருக்கமாட்டார்.

ஒரே இடம், இரண்டு பதில்

பெயர்த்தேடலும் எண்தேடலும் தருகிற பாயின்டர் எதைக் காட்டுகிறது? லைப்ரரி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நிலையான ஓர் இடத்தை. நாம் அதை விடுவிக்கக் கூடாது. அடுத்த அழைப்பு அதே இடத்தின்மேல் எழுதிவிடலாம் என்று போசிக்ஸ் வெளிப்படையாகச் சொல்கிறது.

இது எவ்வளவு மோசமாக முடியலாம் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு கோப்பின் உரிமையாளரும் நிரலை ஓட்டுபவரும் ஒரே ஆளா என்று பார்க்கவேண்டும். உரிமையாளரின் எண்ணைக் கொடுத்து எண்தேடலை அழைத்து, விடையை முதல் பாயின்டரில் வைக்கிறோம். ஓட்டுபவரின் எண்ணைக் கொடுத்து மறுபடி அழைத்து, இரண்டாவது பாயின்டரில் வைக்கிறோம். பிறகு இரண்டு பெயர்களையும் ஒப்பிடுகிறோம். ஜிலிப்சியில் இரண்டு பாயின்டர்களும் ஒரே இடத்தைத்தான் காட்டும். இரண்டு தேடலும் வெற்றி பெற்றால் ஒப்பீடு எப்போதும் "ஆம், ஒரே ஆள்தான்" என்று வரும். பாதுகாப்புக்காக எழுதிய சோதனை யாரையும் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, நிரல் முறியவும் முறியாது. சோதனை செய்பவர் தன் கோப்பை வைத்தே சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

ஸ்ட்ரக்ட்டை நகலெடுத்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. எண்கள் நகலாகும், பெயரும் வீட்டு அடைவும் பாயின்டர்கள் என்பதால் அவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வேண்டிய சரங்களைத் தனித்தனியாக நகலெடுத்தாகவேண்டும். இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தேடினால் நிலைமை இன்னும் சிக்கல். ஒருவருடைய பெயரின் முன்பாதியும் இன்னொருவருடைய பெயரின் பின்பாதியும் சேர்ந்து வரக்கூட வாய்ப்புண்டு.

இதற்காகத்தான் இரண்டு ஃபங்ஷன்களுக்கும் 'அண்டர்ஸ்கோர் ஆர்' சேர்த்த வடிவம் வந்தது. இதில் ஸ்ட்ரக்ட்டையும் சரங்களை வைக்கும் பஃபரையும் நாமே கொடுக்கவேண்டும். பஃபர் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? சிஸ்கான்ஃப் ஃபங்ஷனிடம் கேட்கலாம். அது தருவது தொடங்குவதற்கான ஓர் ஆலோசனை மட்டும்தான், உச்ச அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிலிப்சி 1024 என்று சொல்லும். சில லைப்ரரிகள் -1 என்று சொல்லிவிடும், அந்த -1-ஐ அப்படியே மெமரி ஒதுக்கும் மாலாக்கிடம் கொடுத்த நிரல்கள் உண்டு. பஃபர் போதாவிட்டால் தேடல் ஈரேஞ்ச் என்ற பிழை எண்ணைத் திருப்பும். அப்போது அளவை இரட்டிப்பாக்கி மறுபடி கேட்கவேண்டும், நியாயமான ஓர் எல்லை வரை.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜீகாஸ் பகுதியில் முழுப் பெயரைத் தமிழில் எழுதினால் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். முருகானந்தம் என்ற பெயரில் நம் கணக்குப்படி 7 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் சேர்ந்து 12 குறியீடுகள், ஆக 36 பைட். ஒரு பெயரால் 1024 நிரம்பாது என்பது உண்மைதான். ஆனால் "பெயருக்கு 32 பைட் போதும்" என்று தங்கள் பக்கத்தில் சின்ன அரேயை வைத்து, அளவு பார்க்காமல் நகலெடுக்கும் நிரல் இந்தப் பெயரில் எல்லை தாண்டி எழுதிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களோடு பல வருடம் ஓடிய பிறகு ஒருநாள் இப்படி முறியும். பழி தமிழ்ப் பெயர்மேல் விழும்.

நல் வந்தால் என்ன பொருள்?

பெயர்த்தேடல் நல் பாயின்டரை, அதாவது எந்த இடத்தையும் காட்டாத பாயின்டரை, திருப்பினால் "அப்படி ஆள் இல்லை" என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆள் உண்மையிலேயே இல்லை. இன்னொன்று, கேட்க முடியவில்லை: சர்வர் பதில் சொல்லவில்லை, திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டுவிட்டது, மெமரி போதவில்லை.

ஒரு மின்னஞ்சல் சேவையை நினைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பயனருக்கு அஞ்சல் வருகிறது. பெயர்த்தேடல் நல் தருகிறது. "பெறுநர் இல்லை" என்று சேவை அஞ்சலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உண்மையில் அந்த 5 நிமிடம் எல்டாப் சர்வரை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த 5 நிமிடத்தில் வந்த அஞ்சலெல்லாம் போயிற்று. "தற்போது முடியவில்லை, பிறகு முயலலாம்" என்று வரிசையில் வைத்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை.

இரண்டையும் பிரித்தறிய, அழைக்கும் முன், பிழை எண் பதிவாகும் எர்நோ மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டு, நல் வந்தால் அது மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாறாவிட்டால் ஆள் இல்லை. அண்டர்ஸ்கோர் ஆர் வடிவம் இதில் தெளிவானது. பிழை எண்ணையே திருப்பும் மதிப்பாகத் தரும். பூஜ்யம் வந்து விடைப் பாயின்டர் நல்லாக இருந்தால் ஆள் இல்லை என்று பொருள். நடைமுறையில் சில இயங்குதளங்கள் ஆள் இல்லாததற்கும் ஈநோஎன்ட், ஈஎஸ்ஆர்சிஎச் போன்ற பிழை எண்களைத் தருவதாக லினக்ஸ் கையேடே சொல்கிறது. அவற்றையும் "ஆள் இல்லை" என்ற பக்கத்தில் சேர்த்துவிட்டு, மற்றதையெல்லாம் "கேட்க முடியவில்லை" என்று எடுத்துக்கொள்வது நல்ல வழி.

ஆள் உண்மையிலேயே இல்லாமல் இருப்பதும் இப்போது சகஜமாகிவிட்டது. முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண்ணுக்குப் பெயர் இல்லாமல் இருப்பது அபூர்வம். நிரலை அதற்கென்று தனிக் கோப்புகளோடு பிரித்து ஓட்டும் கன்டெய்னர்கள் வந்த பிறகு அப்படியில்லை. டாக்கரில் 5000 என்ற எண்ணைக் கொடுத்து ஓட்டினால், உள்ளே இருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் 5000 இருக்காது. ஓப்பன்ஷிஃப்ட் இயல்பாகவே தானாக ஒதுக்கிய பெரிய எண்களில் நிரல்களை ஓட்டும். இப்படிப் பெயரில்லாத எண்ணில் பாஷ் ஷெல்லைத் திறந்தால் பயனர் பெயர் வரவேண்டிய இடத்தில் "எனக்குப் பெயரில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். எஸ்எஸ்எச் நிரலோ இந்த எண்ணுக்குப் பயனர் இல்லை என்று சொல்லி வெளியேறிவிடும். பாஷ் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. பெயர் வெறும் காட்சிக்கு என்றால், பெயர் இல்லாமலும் வேலை நடக்கவேண்டும், எண்ணைக் காட்டினால் போதும். எண்தேடலின் விடையைச் சோதிக்காமல் நேராக அதன் பெயர் உறுப்பை எடுக்கும் நிரல் இந்த இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து விழும்.

"நான் யார்" என்று ஒரு நிரல் தன்னையே கேட்டுக்கொள்வதிலும் குழப்பம் உண்டு. கெட்லாகின் என்ற ஃபங்ஷன், இந்த டெர்மினலில் யார் உள்நுழைந்தார் என்று பார்க்கும். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓடும் நிரலுக்கு டெர்மினலே இல்லை என்பதால் அதை நம்பமுடியாது. லாக்நேம், ஹோம் ஆகிய சூழல் மாறிகளை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். கெர்னல் உறுதியாகச் சொல்வது கெட்யுஐடி, கெட்இயுஐடி தரும் எண்களைத்தான். முதலாவது நிரலைத் தொடங்கியவர் யார் என்பது. இரண்டாவது இப்போது யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்பது. ஒரு பயனரை ரூட்டாகவோ வேறொருவராகவோ கட்டளை ஓட்டவிடும் சூடோ போன்ற நிரல்களில் இரண்டும் வேறு வேறாக இருக்கும். வீட்டு அடைவு வேண்டுமென்றால் முதலில் ஹோம் மாறியைப் பாருங்கள், பயனர் வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கலாம், அதை மதிக்கவேண்டும். இல்லாவிட்டால் எண்தேடல். அதிகாரம் கூடிய நிரல் என்றால் மட்டும் சூழல் மாறியைத் தொடவே கூடாது.

எண்ணா, பெயரா என்ற குழப்பம்

பயனர் தட்டச்சு செய்வது பெயராகவும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம். சரத்தை எண்ணாக்கும் ஏடாய் ஃபங்ஷனிடம் கவிதா என்று கொடுத்தால் அது பூஜ்யத்தைத் திருப்பும். பூஜ்யம் என்றால் ரூட். அதனால் கோப்பின் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளைக்குப் போசிக்ஸ் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது: எண்போல் இருந்தாலும் முதலில் பெயராகத் தேடு, அப்படிப் பெயர் இல்லாவிட்டால்தான் எண்ணாக எடுத்துக்கொள்.

இதில் பெரிய நிரல்களும் தவறியிருக்கின்றன. 2017-இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி பற்றி ஒரு புகார் எழுந்தது. ஒரு சேவையை '0டே' என்ற பயனராக ஓட்டச் சொல்லி எழுதினால், இலக்கத்தில் தொடங்கும் பெயர் செல்லாது என்று அந்த வரியை மட்டும் ஒதுக்கிவிட்டு, வரியே இல்லாததுபோல் சேவையை ரூட்டாக ஓட்டியது. செல்லாத பெயர் என்றால் சேவையைத் தொடங்கவே கூடாது என்று பிறகு மாற்றினார்கள். கேட்ட ஆள் கிடைக்காவிட்டால் எல்லா அதிகாரமும் உள்ள ஆளை வைத்து வேலையை முடிப்பது என்ன நியாயம் என்று எனக்கு இப்போதும் கோபம் வரும்.

2019 அக்டோபரில் சூடோவில் வெளியான பிழை இன்னும் நுட்பமானது. "இவர் ரூட்டைத் தவிர யாராக வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று அனுமதி கொடுத்திருக்கும் இடத்தில், பயனர் எண்ணாக -1 என்று கொடுத்தால் ரூட்டாகவே ஓட முடிந்தது. லினக்ஸில் பயனர் எண் 32 பிட், குறி இல்லாதது. -1 அதில் 4294967295 ஆகும். எண்ணை மாற்றும் செட்ரெஸ்யுஐடி அழைப்பில் அந்த மதிப்புக்கு "மாற்றாமல் விடு" என்று தனிப்பொருள். சூடோ ஏற்கனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருந்ததால், மாற்றாமல் விட்டதும் ரூட்டாகவே தொடர்ந்தது. அந்த எண்ணுக்குப் பயனர் பட்டியலில் ஆளே இல்லை என்பதால் பாமின் அமர்வுப் பகுதிகளும் ஓடவில்லை. 1.8.28 பதிப்பில் திருத்தினார்கள்.

யாருடைய லைப்ரரி ஏறுகிறது?

தேடலின்போது வெளி லைப்ரரி ஏறும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருவோம். ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்யும்போது பெயர்த்தேடல் இருந்தால் லிங்கர் எச்சரிக்கும்: ஓடும் இடத்தில் இதே பதிப்பு ஜிலிப்சியின் பகிர்வு லைப்ரரிகள் வேண்டும் என்று. எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக் கட்டிய நிரல் இன்னும் வெளியே கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2021-இல் வந்த 2.34 பதிப்பு 'ஃபைல்ஸ்' பகுதியை மட்டும் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மசல் லைப்ரரி வேறு வழியில் போகிறது. அதில் ஸ்விட்ச் ஏற்பாடே இல்லை, கோப்பைப் பார்க்கும், அதில் இல்லாவிட்டால் என்எஸ்சிடி சேவையிடம் கேட்கும், அவ்வளவுதான்.

இந்த ஏற்றுதல், ஒரு நிரலுக்கு வேர் அடைவையே மாற்றிவிடும் சிஎச்ரூட்டோடு சேரும்போது ஆபத்தாகிறது. சிஎச்ரூட் செய்த பிறகு '/எட்சி' என்றால் புது வேருக்குக் கீழே இருக்கும் எட்சி. அந்த அடைவு வேறொருவர் கையில் இருந்தால், எந்த லைப்ரரியை ஏற்றவேண்டும் என்று அவர்தான் முடிவு செய்கிறார். 2019-இல் டாக்கர் 19.03.0-இல் இதுதான் நடந்தது. கன்டெய்னரிலிருந்து கோப்பை நகலெடுக்கும் உதவி நிரல், கன்டெய்னரின் அடைவுக்குள் சிஎச்ரூட் செய்துகொண்டு, அங்கிருந்த நேம் சர்வீஸ் ஸ்விட்ச் லைப்ரரிகளை ஏற்றியது. கன்டெய்னருக்குள் தீய லைப்ரரி இருந்தால் வெளியே ரூட் அதிகாரம் போய்விடும். 2025 ஜூனில் சூடோவும் இதே பள்ளத்தில் விழுந்தது. சிஎச்ரூட் வாய்ப்போடு ஓட்டும்போது, பயனர் கொடுத்த அடைவுக்குள் இருக்கும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பை ரூட் அதிகாரத்தோடு படித்து, அது சொன்ன லைப்ரரியை ஏற்றியது. சாதாரணப் பயனர் ரூட் ஆக அது போதும். 1.9.17பி1 பதிப்பில் அடைத்தார்கள். ஆறு வருட இடைவெளியில் ஒரே காரணத்தால் இரண்டு பிழைகள்.

சர்வர் நிரல் எழுதுபவர்கள் இதிலிருந்து ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். பெயர்த்தேடல், குழுத்தேடல் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே செய்து முடித்து, எண்களை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் குழுக்களை அமைக்கும் இனிட்குரூப்ஸ் அழைப்பும் உள்ளுக்குள் தேடுகிறது என்பதால் அதையும் சிஎச்ரூட்டுக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். பிறகு சிஎச்ரூட், அதையடுத்துச் செட்ஜிஐடி, கடைசியில் செட்யுஐடி. பயனர் எண்ணை முதலில் மாற்றினால் குழுவை மாற்றும் அதிகாரம் போய்விடும், பழைய குழுவின் உரிமைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழைப்பின் விடையையும் சோதியுங்கள். அப்புறம், பல த்ரெட்டுள்ள நிரலில் ஃபோர்க் செய்தபின், அதாவது நிரல் தன்னையே நகலெடுத்தபின், அந்த நகலான குழந்தைச் செயலில் இந்தத் தேடல்களைச் செய்யாதீர்கள். லைப்ரரியின் பூட்டு ஒன்றை வேறொரு த்ரெட் பிடித்திருந்த நொடியில் ஃபோர்க் ஆகியிருந்தால் குழந்தை அங்கேயே நின்றுவிடும்.

சரி, தொடக்கத்தில் பார்த்த 1004-க்குத் திரும்புவோம். அடுத்த வாரம் அந்த சர்வரில் புதிதாக ஒருவருக்குக் கணக்கு தொடங்குகிறார்கள். எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் யூசர்ஆட் கட்டளை, இப்போது இருக்கும் பயனர்களின் எண்களைவிட ஒன்று கூடுதலான எண்ணை எடுக்கும். நீக்கியவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால் புதியவருக்குக் கிடைப்பது அதே 1004. இப்போது எல்எஸ் கொடுத்தால் பழைய கோப்புகளின் பக்கத்தில் புதியவருடைய பெயர் வரும். எல்எஸ் கேட்டது, இன்றைய பதில் கிடைத்தது. கெர்னலைப் பொறுத்தவரை அவர்தான் அந்தக் கோப்புகளின் முழு உரிமையாளர். படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.

அதனால் ஒரு கணக்கை நீக்கியதும், புதுக் கணக்கு எதையும் தொடங்கும் முன் 'ஃபைண்ட் -நோயூசர்' ஓட்டிவிடுங்கள். வட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் எண்ணுக்கும் எண்தேடலைக் கேட்டு, நல் வந்த கோப்புகளை மட்டும் அது பட்டியலிடும். அந்தக் கோப்புகளை இருக்கும் ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு புதியவருக்குக் கணக்கு தொடங்கலாம். எல்டாப் சர்வர் விழுந்திருக்கும் நேரத்தில் மட்டும் அதை ஓட்டாதீர்கள், எல்லாருடைய கோப்புகளும் அனாதையாகத் தெரியும்.